வார் இழுக்கிறது யாரு?

மூக்கன் கடைசல் என்றால் பொகவந்தலாவைப் பக்கம் தெரியாத ஆள் கிடையாது. கட்டில் கால், தொட்டில் கம்பு, பிள்ளைகளின் பம்பரம், கிலுகிலுப்பை, எதுவானாலும் சரி, மூக்கன் உளி பட்டால் அதற்கு ஒரு களை வந்துவிடும் என்று ஊரே சொல்லும். சொல்லட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் அந்த மரத்தைச் சுற்றவிட்டது யார் என்று ஒரு மகராசனாவது கேட்டிருக்க வேண்டாமா? கேட்கவில்லை. அதனால்தான் இதை இப்போது சொல்ல வேண்டியிருக்கிறது. வார் இழுத்து மரத்தைச் சுற்றவிட்டவள் வேலாயி, மூக்கனின் பெண்சாதி.

இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த வருஷம் அவர்களுக்குக் கல்யாணம். மூக்கன் தேயிலைத் தோட்டத்தில் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், வேலாயி கொழுந்து பறிக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையும், வேலை விட்டு வந்த பிறகு மிஞ்சுகிற சாயங்கால வெளிச்சமும்தான் கடைசலுக்கு. தாலிக்கயிற்றில் மஞ்சள் மங்குமுன்பே மூக்கன் ஒரு தோல்வாரை அவள் கையில் கொடுத்து, "இழு புள்ள" என்றுவிட்டான். அன்றைக்கு இழுக்க ஆரம்பித்தவள்தான்.

கடைசல் பட்டறை என்றதும் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தின் தொங்கலில், கடைசி அறைதான் அவர்கள் காம்பரா. அதன் முன்னால் இஸ்தோப்புத் திண்ணையில் இரண்டு முளைக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் இரும்பு முனை. அவ்வளவுதான் பட்டறை. கடைய வேண்டிய மரத்தை அந்த முனைகளுக்கு நடுவே மாட்டி, அதன்மேல் தோல்வாரைச் சுற்றி, வாரின் இரண்டு நுனியையும் வேலாயி பிடித்துக்கொள்வாள். வலக்கையை இழுத்தால் மரம் மூக்கனைப் பார்த்துச் சுற்றி வரும். இடக்கையை இழுத்தால் திரும்பிச் சுற்றும். வரும்போதுதான் உளி வெட்டும். திரும்பும்போது உளியை மயிரிழை தூக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வெட்டிய இடம் பிய்ந்து போகும். அவள் இழுக்க, அவன் வைக்க, அவள் விட, அவன் தூக்க, இப்படியே ஒரு தாளம்.

"இழுக்கிறதுதானே, அது என்ன பெரிய வித்தை?" என்பார்கள் சிலர். இழுத்துப் பார்த்துவிட்டுப் பேசட்டும்! பிடுங்கிப் போட்ட பழைய தேயிலைத் தூரில்தான் மூக்கன் சின்னச் சாமான்கள் கடைவான். அந்த மரத்தில் முடிச்சுக்கு மேல் முடிச்சு. உள்ளே முடிச்சு வரப்போகிறது என்று உளிக்குத் தெரியுமுன்பே வேலாயியின் கைக்கு வார் வழியாகத் தெரிந்துவிடும். உடனே இழுப்பைத் தளர்த்துவாள். மெல்லிய வரை போடும்போது மெதுவாக இழுப்பாள். அரக்குப் பூசும்போதோ பேய் பிடித்தவளாட்டம் இழுக்க வேண்டும், சுற்றுகிற சூட்டில்தான் அரக்குக் குச்சி உருகி மரத்தில் ஒட்டும். பிறகு தாழை மடலை வைத்துத் தேய்த்தால் சிவப்பும் மஞ்சளும் கண்ணாடியாட்டம் பளபளக்கும். இத்தனையும் அவள் செய்தாள், பெயர் அவனுக்குப் போயிற்று.

அட்டன் டவுனில் ஹலீம் நானாவின் தளபாடக் கடையில்தான் சாமான்களைக் கொடுப்பார்கள். இருவருமாக மூட்டையைத் தூக்கிக்கொண்டு, வளைந்து வளைந்து போகிற பஸ்ஸில் குமட்டலை அடக்கிக்கொண்டு போய் இறங்குவார்கள். ஹலீம் நானா ஒரு கட்டில் காலை எடுத்து வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"மாஷா அல்லாஹ்! மூக்கன், ஒன்ட கையில என்னவோ வித்த ஈக்கி!"

மூக்கன் தலையைச் சொறிந்துகொண்டே, "எல்லாம் ஆண்டவன் புண்ணியம் மொதலாளி" என்பான்.

ஒவ்வொரு தடவையும் இதே பாராட்டு, இதே பதில். வேலாயி மூட்டைத் துணியை மடித்தபடி பக்கத்தில்தான் நிற்பாள். ஒருநாள் திரும்பி வருகிற பஸ்ஸில் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டாள்.

"ஏங்க, ஆண்டவனா வந்து வார் இழுத்தாரு?"

"என்னா புள்ள சொல்ற?"

"ஆண்டவன் புண்ணியம்னு சொன்னீங்களே. வர்ற ஞாயித்துக்கெழமை அவரையே வரச் சொல்லுங்க. நான் கால நீட்டிப் படுத்துக்கிறேன்."

முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மூக்கனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. கெட்டவன் இல்லை அவன். சொல்ல வேண்டும் என்று தோன்றாத ஆள், அவ்வளவுதான். நம் வீடுகளில் இல்லாத ஆளா?

அவளுடைய ஆசை ரொம்பப் பெரியது ஒன்றும் இல்லை. தன் கையால் ஒரு சாமான் கடைய வேண்டும். அதை யாராவது தூக்கிப் பார்த்து, "இது யார் கடைசல்?" என்று கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்விக்காக அவள் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருப்பாள் போலிருந்தது.

மூக்கனும் மறுக்கவில்லை. "அதுக்கென்னா, நீ உளியப் புடி, நான் இழுக்கிறேன்" என்று வாரை வாங்கிக்கொண்டான். அங்கேதான் வந்தது வினை. உளி பிடிப்பதில் அவன் எவ்வளவு கெட்டிக்காரனோ, வார் இழுப்பதில் அவ்வளவு மட்டம். அடம் பிடிக்கிற ஆட்டை இழுக்கிற மாதிரி ஒரு வெட்டு, பிறகு ஒரு யோசனை, பிறகு இன்னொரு வெட்டு. முதல் நாள் அவள் கடைய ஆரம்பித்த பம்பரம் முனையிலிருந்து துள்ளிப் பறந்து, பக்கத்துக் காம்பரா லெட்சுமி அரைத்துக்கொண்டிருந்த சம்பலில் போய் விழுந்தது.

"ஏ அக்கா! நாங்க தேங்கா போட்டுத்தான் சம்பல் அரைப்போம். நீங்க கட்ட போட்டா அரைக்கிறீங்க?" என்று லெட்சுமி கத்தினாள். லயமே சிரித்தது, வேலாயியும் சேர்ந்துதான் சிரித்தாள்.

சிரித்தாளே தவிர விடவில்லை. எப்போதெல்லாம் மூக்கன் ஓய்ந்து உட்கார்கிறானோ அப்போதெல்லாம் வாரை அவன் மடியில் போட்டுவிட்டு உளியை எடுப்பாள். அவன் இழுப்பை நம்பி உளியை வைக்கவும் முடியாது, தூக்கவும் முடியாது. எப்போது நிற்பான், எப்போது வெடுக்கென்று இழுப்பான் என்று அவனுக்கே தெரியாதே! அதனால் தாளத்தை எல்லாம் மறந்துவிட்டு மரத்தின்மேல் மட்டும் கண்ணை வைப்பாள். அது வருகிறதா, மெல்லத் தொடு. வரவில்லையா, பேசாமல் இரு. இப்படிக் கடைந்ததெல்லாம் கோணல்மாணல்தான். அவள் செய்த பம்பரம் ஒன்றும் நின்று சுற்றியதில்லை. "நல்லா இழுக்க ஓர் ஆள் கெடச்சா நானும் கடைவேன்" என்று முணுமுணுத்துக்கொண்டே அவற்றை அடுப்பில் போடுவாள். நன்றாக இழுக்கிற ஆள் அந்தத் தோட்டத்திலேயே ஒருத்திதான். அவளும் உளி பிடித்துக்கொண்டு இந்தப் பக்கம் உட்கார்ந்துவிட்டால் யார் இழுப்பது?

அறுபதாம் வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குப் புதுத் தேர் செய்ய வேண்டும் என்று தோட்டத்தில் முடிவாயிற்று. அதுவரை மூங்கிலைக் கட்டிக் கலர்க் கடதாசி ஒட்டித்தான் தேர். மழை பெய்தால் ஆத்தா சாயம் போய் நிற்பாள். இந்தத் தடவை நாலு தூணும் கடைசல் தூணாக இருக்க வேண்டும் என்று தோட்டத்துத் தலைவர் சிவசாமி ஒற்றைக்காலில் நின்றார். பொல்பிட்டியப் பக்கம் இருந்து பலாக்கட்டை லொறியில் வந்து இறங்கியது. நாலு தூணுக்கு நாலு கட்டை, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் ஒன்று.

ஆனால் கட்டை ஒவ்வொன்றும் மார்பு உயரம், தொடைக் கனம். இஸ்தோப்புப் பட்டறையில் மாட்டி, வேலாயி பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அசைவேனா என்றது கட்டை. முளைக்கட்டைதான் பிடுங்கிக்கொண்டு வந்தது.

கடைசியில் ஸ்டோர்தான் வழி என்று ஆயிற்று. ஸ்டோர் என்றால் கொழுந்தை அரைத்துத் தூளாக்குகிற தோட்டத்து ஆலை. அங்கே கூரையோரம் ஓடுகிற நீண்ட இரும்புத் தண்டை எஞ்சின் சுற்றும். அதிலிருந்து பெல்ட்டு போட்டுத்தான் எல்லா மெசினும் ஓடும். ஸ்டோரில் மெசின் பழுது பார்க்கிற பிட்டர், சிங்களவர் பண்டா பாஸ், அந்தத் தண்டிலிருந்து ஒரு பெல்ட்டை இறக்கிக் கடைசலுக்கும் ஒரு மெசின் பூட்டித் தருவதாகச் சொன்னார். தொரையிடம் சிவசாமி கெஞ்சிக் கூத்தாடியதில் ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமைக்கு அனுமதி கிடைத்தது. மறுநாள் கொழுந்து வந்துவிடும், அதனால் அந்த ஞாயிறு பொழுது சாய்வதற்குள் நாலு தூணும் முடிந்தாக வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டோருக்கு இறங்குகிற பாதையில் மூக்கனுக்குக் கால் தரையில் பாவவில்லை. "இனிமே ஒனக்குக் கைவலியே இல்ல புள்ள! எஞ்சினே இழுத்துரும். நீ சும்மா நின்னு பாரு" என்று வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். பாசத்தில் சொன்ன வார்த்தைதான். வேலாயிக்கோ அது வேறு மாதிரி பட்டது. இத்தனை வருஷம் இழுத்தும் ஒருவரும் அவள் பெயரைச் சொல்லவில்லை. இப்போது இழுக்கவும் வேண்டாம் என்றால் அந்தப் பட்டறையில் அவளுக்கு என்ன இடம்?

ஸ்டோரில் பாதித் தோட்டம் கூடியிருந்தது. பண்டா பாஸ் பெல்ட்டைத் தள்ளி விட்டார். பலாக்கட்டை கிர்ரென்று சுற்ற ஆரம்பித்தது, நிற்காமல், திரும்பாமல், ஒரே பக்கமாக. மூக்கன் உளியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மரத்தில் வைத்தான். வேலாயி சுவரோரம் நின்றாள். அவளுடைய கைகள் சும்மா இருக்கத் தெரியாமல் வெறுங்காற்றை வலமும் இடமுமாக இழுத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்ற லெட்சுமி பார்த்துவிட்டு, "அக்கா, யார இழுக்கிறீங்க?" என்றாள். வேலாயி கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் பண்டா பாஸ் குனிந்து பார்த்தார்.

"மூக்கன், மொகத மே? என்னா இது? மரவட்டையா செய்றே?"

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். வழுவழுவென்று வரவேண்டிய இடத்தில் வளையம் வளையமாக வரி விழுந்திருந்தது. மூக்கன் வைத்த உளியைத் தூக்குகிறான், வைக்கிறான், தூக்குகிறான், வைக்கிறான். மரமோ திரும்பிப் போகவே இல்லை, வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் அவன் கைக்கு அது எங்கே தெரியும்? வேலாயியின் இடக்கை இழுப்புக்காக அது காத்திருந்தது.

"தூக்காதீங்க மூக்கண்ணே, அமத்திப் புடிங்க!" என்று யாரோ சொன்னார்கள். அவன் அமர்த்திப் பிடித்தான். கை மறுபடி துள்ளிற்று. துள்ளின உளி மரத்துக்குள் கொத்தி இறங்கியது. படாரென்று கட்டை பிளந்து, முனையிலிருந்து தெறித்து உருண்டது. கூட்டம் ஐயோ என்று பின்வாங்கியது. நல்ல வேளை, ஒருவருக்கும் அடி படவில்லை.

சிவசாமி தலையில் கைவைத்துக்கொண்டார். "போச்சு! மிச்சத்துக்கு வந்த கட்ட போச்சு. இன்னும் ஒண்ணு போனா தேருக்கு மூணு காலுதான். ஆத்தாளக் கையில தூக்கிக்கிட்டா போறது?"

மூக்கன் உட்கார்ந்துவிட்டான். உளியைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான். பிறகு சுவரோரம் பார்த்தான். வேலாயியின் முந்தானைக்குள் கைகள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன. அவன் முகத்தில் ஏதோ விளங்கின மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது.

"வேலாயி, இங்க வா புள்ள. இந்தா, நீ புடி."

"நானா? வெளையாடுறீங்களா?"

"என் கையி ஒன் இழுப்புக்கே பழகிப்போச்சு. வேற யாரு இழுத்தாலும் அதுக்குப் புரியல. ஒன் கையி அப்புடி இல்ல. அது எவன் இழுப்பையும் நம்பாது, மரத்தத்தான் பாக்கும். என் இழுப்புலயே கடைஞ்சவ நீ! இந்த எஞ்சின் இழுப்பு ஒனக்கு எம்மாத்திரம்?"

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. சிவசாமி மட்டும் சிரிக்கவில்லை. "என்னா மூக்கா, பொம்பளயா தேர்த்தூணு கடையிறது? எங்கயாச்சும் உண்டா?"

மூக்கன் எழுந்து நின்றான். அவன் தலைவரை எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

"தேருல ஒக்காரப் போறது யாரு தலைவரே? ஆத்தா தானே? அவளும் பொம்பளதான்." கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "இன்னொண்ணும் சொல்லிர்றேன். இத்தன வருசமும் என் கடைசல்னு நீங்கல்லாம் சொன்னதுல பாதி இவளோடது. நாந்தான் வாயத் தொறக்கல."

வேலாயிக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுதால் மரம் தெரியாதே என்று முந்தானையால் அழுத்தித் துடைத்துக்கொண்டாள். சிவசாமி தாடையைத் தடவினார். பெண்கள் பக்கம் இருந்து லெட்சுமி, "ஆத்தாளே சரின்னுட்டா, தலைவருக்கு என்னாவாம்?" என்று குரல் கொடுத்தாள். தலைவருக்கும் வாய் கோணிச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி சரி, பாத்துப் புடி தங்கச்சி" என்றார்.

இரண்டாவது கட்டை சுற்றத் தொடங்கியது. வேலாயி உளியைத் தாங்குகட்டையில் சாய்த்து, மரத்தைப் பார்த்தாள். வருகிறது. தொட்டாள். இன்னும் வருகிறது. இன்னும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது! நிற்கவில்லை, வெடுக்கென்று இழுக்கவில்லை, யோசிக்கவில்லை. அவளுக்குச் சிரிப்புப் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு நல்ல இழுப்பு அவளுக்கு வாழ்க்கையில் யார் கொடுத்தார்கள்? பலாவின் மஞ்சள் சீவல் சுருள் சுருளாக அவள் மடியில் விழுந்தது. குடம் மாதிரி ஒரு திரட்சி, அதற்குமேல் இடுப்பு, இடுப்புக்குமேல் தாமரை மொட்டு. மூக்கன் கடைகிறபோது எதிரே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து மனசில் ஏறியிருந்த உருவமெல்லாம் ஒவ்வொன்றாகக் கைக்கு இறங்கி வந்தது. எங்காவது முடிச்சு வந்தால் வாரில் தெரிகிற அதே நடுக்கம் இப்போது உளிக்காம்பில் தெரிந்தது. அவள் உளியைத் தளர்த்தினாள், முடிச்சு வழிவிட்டது.

"ஹொந்தாய், ஹொந்தாய்!" என்று பண்டா பாஸ் கைதட்டினார்.

தூண்கள் ஒவ்வொன்றாக முடிந்தன. அரக்குப் பூசுவது மூக்கன் பங்கு. அப்போதும் பாழாய்ப்போன கை தூக்கித் தூக்கித்தான் வைத்தது. சிவப்பு அரக்கு பட்டை பட்டையாக விழுந்தது. "இருக்கட்டும், தொடாதீங்க" என்று வேலாயி இடையிடையே மஞ்சளைக் கொடுத்தாள். அம்மனுக்குக் கட்டுகிற புதுச்சேலைக் கரையாட்டம் அமைந்துவிட்டது அது. தூண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று முன்பே திட்டம் போட்டவர் மாதிரி சிவசாமி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

திருவிழா அன்று தப்பு மேளச் சத்தத்தில் மலையே அதிர்ந்தது. லயம் லயமாகத் தேர் வந்தபோது ஜனங்கள் ஆத்தாளைக் கும்பிட்ட கையோடு தூணையும் தடவிப் பார்த்தார்கள். வேலாயி கூட்டத்தோடு நடந்தாள். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. எல்லோருக்கும்தான் தெரிந்திருந்ததே!

திருவிழா முடிந்தது, ஸ்டோர் பெல்ட்டும் கொழுந்துக்குத் திரும்பிப் போயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலாயி வழக்கம்போல வாரை எடுக்கப் போனாள். வார் ஏற்கெனவே மூக்கன் கையில் இருந்தது. அவன் எதிர்ப்பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒக்காரு புள்ள. இழுக்கப் பழகிக்கிறேன்."

பழகினான் என்றா நினைக்கிறீர்கள்? லேசில் பழகவில்லை. உளிகளும் பம்பரங்களும் இன்னும் பல நாள் லெட்சுமி வாசலுக்குப் பறந்தன. அவள் சம்பல் அரைக்கிற இடத்தையே மாற்றிக்கொண்டாள். "என் மூஞ்சியப் பாக்காதீங்க, வாரப் பாருங்க!" "ஏங்க, யோசிக்காம இழுங்கன்னா!" என்று வேலாயி போடுகிற சத்தம், காலையில் வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக்களம் வரைக்கும் கேட்டது. கவ்வாத்து மலையிலும் மூக்கன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் காற்றில் வீசிப் பழகுவான். மேற்பார்வைக்கு வந்த கண்டாக்கையா பார்த்துவிட்டு, "இவனுக்கு என்னா, சாமி வந்துருச்சா?" என்று கேட்டாராம். ஒரு வழியாக, சுமாராக இழுக்கிற ஆள் என்று சொல்கிற அளவுக்கு அவன் வந்து சேர்ந்தபோது வருஷம் இரண்டு மூன்று ஓடிவிட்டது.

அறுபத்திநாலில் ஒருநாள் இருவரும் அட்டனுக்கு ஒரு தொட்டில் கொண்டுபோனார்கள். நாலு கால், எட்டுக் கம்பு, அத்தனையும் வேலாயி கடைந்தது. ஹலீம் நானா மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். கடையில் அவர் மனைவி றுக்கையா இருந்தாள். இவர்களை முன்பின் பார்த்தவள் இல்லை. பேரப்பிள்ளைக்குத் தொட்டில் தேடிக்கொண்டிருந்தவளுக்குக் கண் அதிலேயே நின்றுவிட்டது. ஒரு கம்பைத் தூக்கி வாசல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"அல்லாவே, என்ன வடிவு! இது ஆர்ட கடைசல்?"

அந்தக் கேள்வி! மூக்கன் மூட்டைத் துணியை மடித்தபடி பக்கத்தில் நின்றான். அவள் முன்பு நின்ற அதே இடம், அதே துணி. வேலாயி அவனை ஒரு தரம் பார்த்தாள்.

"நான் கடைஞ்சதுங்கம்மா" என்றாள். அதோடு நிறுத்தவில்லை. "வார் இழுத்தது எங்க ஊட்டுக்காரரு. இந்தா நிக்கிறாரே, இவருதான்."

மூக்கன் கையிலிருந்த துணி நழுவிக் கீழே விழுந்தது.

பஸ் பொகவந்தலாவைக்குக் கிட்ட வந்த பிறகு மூக்கன் மெல்லக் கேட்டான்.

"ஆண்டவன் புண்ணியம்னு சொல்லியிருக்கலாமே புள்ள. என் பேர எதுக்குச் சொன்ன?"

"ஆண்டவன் இழுத்திருந்தா இன்னும் கொஞ்சம் நல்லா வந்திருக்கும்" என்றாள் வேலாயி. "பழிய அவரு மேல போடலாமா?"

மூக்கன் விழுந்து விழுந்து சிரித்தான். முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்து முடித்ததும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னொருக்காச் சொல்லு" என்றான்.

"என்னாத்த?"

"அதான், கடையில சொன்னியே."

அவள் சொன்னாள், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி.